அம்மா ஏறிய ராட்டினம்

நைனா வலது காலைத் தூக்கி ராட்டினத் தொட்டிக்குள் வைத்தார். இடது கால் மணலிலேயே நின்றது.

அந்த நேரம் பார்த்து ராட்டினக்காரன் மணியை அடித்தான். ஒன்று, இரண்டு, மூன்று. நைனா உள்ளே வைத்த காலை வெளியே எடுத்துவிட்டார்.

"ஏறுனா ஏறு, இல்லாங்காட்டி ஒத்திக்கோ பெரியவரே" என்றது பின்னால் ஒரு குரல். நாலைந்து பேர் சிரித்தார்கள். நைனாவுக்கு அப்போது முப்பத்தைந்து வயதுகூட ஆகியிருக்காது. ஆனால் அந்த ஒரு மாதத்தில் அவர் பார்ப்பவர்களுக்குப் பெரியவராகத்தான் தெரிந்திருப்பார்.

கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தது. காற்றில் தாரும் கருவாடும் வறுத்த வேர்க்கடலையும் கலந்த வாசனை. எனக்கு ஒன்பது வயது. அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த விரல் இறுகியது.

"ஏறுங்க" என்றாள் அம்மா.

நைனா மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

"ஏறுன்னு சொல்றேன்."

கோபம் தலைக்கேறினால்தான் அம்மா நைனாவை ஒருமையில் பேசுவாள். அதையும் வீட்டுக்குள்தான் கேட்டிருக்கிறேன். இத்தனை பேர் நடுவில் அதுதான் முதல் தடவை.

ஒரு வாசகரின் கேள்வி

எங்கள் ஊர்த் தண்ணீர் வரிசையைப் பற்றி இரண்டு வாரம் முன்பு எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, "தங்க வயலில் பிறந்த நீங்கள் கடலை எப்போது பார்த்தீர்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இந்த ராட்டினத்தில் ஏறிய பயணத்தில்தான் பார்த்தேன்.

எந்த வருஷம் என்று சரியாகச் சொல்ல முடியாது. சீமை மகாராணி செத்துப்போனதற்குக் கொடியைப் பாதிக்கு இறக்கிக் கட்டினார்களே, அதற்கு முன்பா பின்பா என்பது குழம்புகிறது. எங்கள் ஊருக்கு எலக்ட்ரிக் விளக்கு வந்திருக்கவில்லை. அது மட்டும் நிச்சயம்.

உல்லாசத்துக்காகப் போன பயணம் இல்லை அது. பயம் தெளிய வைப்பதற்காக ஒரு மனுஷனை ரயில் ஏற்றி இருநூறு மைல் கூட்டிப்போய், கடைசியில் ராட்டினத்தில் ஏற்றப் பார்த்த கதை.

கேஜ்

என் நைனா முனுசாமி சுரங்கத்தில் மரம் கட்டுகிறவர். தோண்டின இடத்தில் மேலே இருக்கும் பாறை இறங்கிவிடாமல் மரத்தூண் நிறுத்தி முட்டுக் கொடுக்கும் வேலை. எந்த ஷாஃப்டில், அதாவது எந்த இறங்குகுழியில், வேலை செய்தார் என்பதை எழுதப் போவதில்லை. அவரோடு வேலை செய்தவர்களின் பிள்ளைகள் இன்னும் இந்த ஊரில் இருக்கிறார்கள்.

சுரங்கத்துக்குள் இறங்குவது கேஜில். இரும்புக் கூண்டு, மேலே கயிறு, கயிற்றை இழுக்க இன்ஜின். ஆட்கள் ஏறி நின்றதும் மூன்று மணி அடிப்பார்கள். இன்ஜின் ஓட்டுகிறவருக்கு அது சைகை. மூன்று மணி கேட்டால் கூண்டில் இருப்பது கல் இல்லை, மனுஷர்கள் என்று அர்த்தம்.

ஒரு நாள் காலை ஷிப்டில் மூன்று மணி அடித்துக் கேஜ் இறங்கியது. பாதி வழியில் கட்டு மீறி விழுந்தது. எதனால் என்று யாருக்கும் கடைசிவரை தெரியவில்லை. கொஞ்ச தூரம் விழுந்து, பிறகு பிரேக் பிடித்துத் தொங்கி நின்றது. சாவு இல்லை. ஒருவருக்கு முட்டி உடைந்தது. நைனாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

மறுநாள் மற்றவர்கள் இறங்கினார்கள். நைனாவும் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த நாளும் போனார். அதற்கடுத்த நாளும்.

ஐந்தாறு நாள் கழித்துப் பக்கத்து வீட்டுக் காளியம்மா அம்மாவிடம் வந்து மெதுவாகச் சொன்னாள். "அக்கா, மாமா ஷாஃப்ட் பக்கமே போறதில்லியாம். சயனைடு மேட்டுக்குப் பின்னால குந்திக்கினு கீறாரு. சோறு துன்னுட்டு, ஷிப்ட் விடற நேரத்துக்கு எழுந்து வராராம்."

அம்மா, நைனா வந்ததும் தூக்கை வாங்கிப் பார்த்தாள். அதில் வெள்ளை மண் ஒட்டியிருந்தது, தங்கம் பிரித்த பிறகு கொட்டி வைக்கும் சயனைடு மேட்டு மண். கீழே வேலை செய்தால் ஒட்டுவது கறுப்புத் தூசு.

"எல்லாருந்தானே அந்தக் கேஜுல இருந்தாங்க? காளியம்மா புருஷன் ஏழுமலை போறான். உனுக்கு மட்டும் இன்னா?" என்றாள்.

நைனா மூங்கில் தட்டிச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பதினைந்து நாள்

கீழே வேலையை நடத்தும் வெள்ளைக்காரரைக் கேப்டன் என்போம். அவருக்கும் கப்பலுக்கும் சம்பந்தம் கிடையாது. எங்கள் கேப்டன் சிவந்த கழுத்தும் உடைந்த தமிழுமாக இருப்பார். நைனாவின் மரக்கட்டு வேலை அவருக்குப் பிடிக்கும். அதனால் உடனே விரட்டவில்லை. மேஸ்திரி மூலமாகச் சொல்லி அனுப்பினார்: பதினைந்து நாள் லீவு. அதற்குள் தலை தெளிந்து கேஜில் ஏற வேண்டும். இல்லையென்றால் வேறு ஆள். வேலை போனால் லைனில் இருக்கும் கம்பெனி வீடும் போகும்.

அம்மாவின் தம்பி எத்திராஜ் மெட்ராஸில் ராயபுரத்தில் இருந்தார். படகு கட்டும் இடத்தில் வேலை. அவருக்கு எல்லா வியாதிக்கும் மருந்து தெரியும். அம்மா யாரையோ பிடித்து அவருக்குக் கடுதாசி எழுத வைத்தாள். பதில் உடனே வந்தது: மாமாவைக் கூட்டிக்கொண்டு வா, நான் சரி பண்ணுகிறேன்.

சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் ஏறினோம். பவுரிங்பேட்டையில் மாறினோம். (இப்போது பங்காருபேட்டை என்கிறார்கள். என் வாய்க்கு இன்னும் வரவில்லை.) மெட்ராஸ் போய்ச் சேரும் வரை நைனா ஜன்னல் பக்கம் உட்காரவில்லை. பாலம் வரும்போதெல்லாம் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அம்மா அதைப் பார்த்தும் பார்க்காததுமாக எனக்குப் புளிச்சோறு பிசைந்து கொடுத்தாள்.

முதன்முதலில் கடலைப் பார்த்ததும் நான் வாயைப் பிளந்தேன். அம்மா அதை ஒரு பார்வை பார்த்தாள். "இவ்ளோ தண்ணி கீது. ஒரு கொடம் மொண்டு உலை வைக்க முடியுமா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டாள். குழாயடியில் பாதி வாழ்க்கையைக் கழித்தவளுக்கு வேறு என்ன தோன்றும்?

மாமாவின் வைத்தியம்

எத்திராஜ் மாமா நைனாவிடம் ஒரு வாரம் பேசிப் பார்த்தார். கோயிலுக்குக் கூட்டிப்போனார், மந்திரித்துக் கயிறு கட்டினார், ஒரு நாள் சாராயமும் வாங்கிக் கொடுத்தார். நைனா எல்லாவற்றுக்கும் சரி என்றார். கேஜ் என்ற சொல் வந்தால் மட்டும் எழுந்து வெளியே போய்விடுவார்.

மெட்ராஸ் வந்த ஒன்பதாம் நாள் மாமா அம்மாவிடம் பேசியது எனக்கும் கேட்டது.

"அக்கா, மணல்ல ஒரு வெள்ளைக்காரன் வெளாட்டுத் தோட்டம் போட்டுக்கீறான். அதுல பெரிய ராட்டினம் கீது. ஒரு தபா அதுல ஏத்திட்டமுன்னு வெச்சுக்க, மேல போய்க் கீழ வந்தா பயம் தன்னால தெளிஞ்சிடும்."

"ஏறுவாரா?"

"உன் பொண்ணு கேட்டா ஏறமாட்டாரா?"

அப்படித்தான் என்னைத் தயார் பண்ணினார்கள். 'நைனா, என்னோட ராட்டினத்துல ஏறு நைனா' என்று கேட்க வேண்டும். நான் கேட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

விளையாட்டுத் தோட்டம்

ராயபுரத்தைத் தாண்டி வடக்கே, மீன்பிடிப் படகுகள் கவிழ்த்துக் கிடக்கும் மணலுக்குப் பக்கத்தில் ஓலைத் தட்டி கட்டி அடைத்திருந்தார்கள். கப்பல் வேலையை விட்ட ஒரு வெள்ளைக்காரர் நடத்தினார் என்பது மாமா சொன்ன தகவல். மாமா சொல்வதில் பாதிதான் நிஜமாக இருக்கும்.

உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை. மரக்குதிரை சுற்றும் குடைராட்டினம் ஒன்று. உப்புக் காற்றில் குதிரைகளுக்குச் சாயம் போய், பாதிக்குக் காது இல்லை. ஒரு கூடாரத்தில் ஆளைக் குண்டாகவும் நெட்டையாகவும் காட்டும் கண்ணாடிகள். மாமா தன்னைப் பார்த்துத் தானே விழுந்து விழுந்து சிரித்தார். நைனா ஒரு கண்ணாடியின் முன்னால் நின்று, சிரிக்காமல், மீசையைச் சரி செய்துகொண்டு வந்துவிட்டார்.

இன்னொரு கூடாரத்தில் கடல் கன்னி. கண்ணாடித் தொட்டிக்குப் பின்னால் தகர வாலைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் படுத்திருந்தாள். வெற்றிலை போட்டிருந்தாள். அம்மா அவளிடம், "குளுரலியா?" என்று கேட்டாள். "பழகிப்போச்சுக்கா" என்றாள் கடல் கன்னி.

கடைசியில் பெரிய ராட்டினம். எட்டுத் தொட்டிகள். ஊர்த் திருவிழாவில் கையால் சுற்றுவார்கள். இதற்கோ பழைய படகிலிருந்து கழற்றிய நீராவி இன்ஜின். ஒவ்வொரு தொட்டிக்கும் இரும்புக் கம்பிக் கதவு. கதவைச் சாத்தினால் டங் என்று சத்தம். தொட்டி நிறைந்ததும் இன்ஜின்காரனுக்கு மணி.

மாமாவுக்கு அது விளையாட்டுச் சாமான். நைனாவுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று நாங்கள் யாருமே யோசிக்கவில்லை.

மேலே, கீழே

"ஏறுன்னு சொல்றேன்" என்றாள் அம்மா. நைனா இரண்டடி பின்னால் போனார். கூட்டம் மறுபடி சிரித்தது.

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். "வா மங்கா. நாம ஏறுவோம். பொட்டச்சிங்க ஏறுறதைப் பாக்கட்டும்."

ஏறி உட்கார்ந்தோம். டங் என்று கதவு விழுந்தது. மூன்று மணி.

மேலே போகும்போது நன்றாகத்தான் இருந்தது. ஓலைத் தட்டி கீழே போயிற்று. படகுகள் சுண்டைக்காய் அளவு ஆயின. தூரத்தில் ஒரு கப்பல் புகை விட்டுக்கொண்டு நின்றது. "அம்மா, கப்பல்!" என்று கத்தினேன். அம்மாவும் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு வெற்றி இருந்தது.

உச்சி தாண்டித் தொட்டி இறங்க ஆரம்பித்தது. இன்ஜின்காரன் வேகத்தைக் கூட்டினான்.

எனக்கு வயிற்றில் கூச்சம் வந்தது, சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. உடம்பு கீழே போக, உயிர் மேலேயே நின்றுவிட்ட மாதிரி அவள் முகம் வெளுத்தது. என் தோளைப் பிடித்த நகம் சதையில் இறங்கியது.

"மங்கா நைனா!" என்று கத்தினாள்.

அவள் நைனாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. 'மங்கா நைனா' என்றுதான் கூப்பிடுவாள். ஆனால் அந்தக் குரலில் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

நைனா கூட்டத்தை விலக்கிக்கொண்டு ராட்டினத்தின் காலடிக்கே வந்துவிட்டார். எங்கள் தொட்டி கீழே வந்து அவரைத் தாண்டும்போது சொன்னார்.

"வாயைத் தொற. வாயால மூச்சு வுடு."

தொட்டி மேலே போய்விட்டது. அடுத்த சுற்று. அம்மா மறுபடி கத்தினாள். தொட்டி தாழ்ந்தபோது நைனா கம்பியோடு ஒட்டி நாலு எட்டு ஓடிவந்தார்.

"காலைக் கெட்டியா ஊணாத. முட்டியத் தளரவுடு."

அதற்கடுத்த சுற்றில் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்:

"கீழ பாக்காதே பட்டு. தண்ணியப் பாரு. தூரமா பாரு."

அம்மா வாயைத் திறந்து, முட்டியைத் தளர்த்தி, கடலைப் பார்த்தாள். அதற்கப்புறம் கத்தவில்லை. கண்ணீர் மட்டும் வழிந்துகொண்டிருந்தது. ஆறு சுற்று என்று நினைக்கிறேன். இன்ஜின் ஓய்ந்தது. கம்பிக் கதவை ராட்டினக்காரன் திறப்பதற்கு முன்னால் நைனாவே திறந்தார்.

மணலில்

அம்மா நடந்து போய் ஈர மணலில் உட்கார்ந்தாள். கொஞ்சம் வாந்தி எடுத்தாள். நைனா அவள் முதுகைத் தடவிக்கொண்டு பக்கத்தில் குந்தினார்.

"பாத்தியா மாமா, எங்க அக்காவே ஏறிடுச்சு" என்று மாமா ஆரம்பித்தார்.

"எத்திராஜு, நீ கொஞ்சம் சும்மா இரு" என்றாள் அம்மா.

அலை இரண்டு தடவை வந்து போயிற்று. அவள் நைனாவைப் பார்க்காமலே கேட்டாள்.

"அன்னிக்கு எவ்ளோ நேரம் வுழுந்துச்சு?"

எத்தனை பேர் எத்தனை விதமாகப் பேசியிருந்தோம் அந்த ஒரு மாதத்தில். இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

"ரொம்ப நேரம் இல்ல. ஒருத்தன் பேரைச் சொல்லிக் கூப்புட்டு அவன் திரும்பிப் பாக்கற நேரம்" என்றார் நைனா. "மெழுகுவத்தி எல்லாம் அணைஞ்சிடுச்சு. ஒரே கும்மிருட்டு. காலுக்குக் கீழ தரை இல்ல. எல்லாரும் சாமி பேரைச் சொல்லிக் கத்துனாங்க. எனுக்கு ஒண்ணும் வாயில வரல. உன் பேரும் வரல, பொண்ணு பேரும் வரல. நின்னதுக்கப்புறம் பாத்தா, மேல கம்பியப் புடிச்ச கைய எடுக்க முடியல. ரெண்டு பேரு சேர்ந்து விரலைப் பிரிச்சு எடுத்தாங்க."

தன் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டார்.

அம்மா முந்தானையால் வாயைத் துடைத்தாள். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. அது அவள் வழக்கம் இல்லை. "எழுந்திருங்க, போலாம்" என்றாள்.

கேப்டன் பங்களா

லீவு முடிய இரண்டு நாள் இருக்கும்போது ஊர் திரும்பினோம். மறுநாள் காலை அம்மா நைனாவிடம் ஒன்றும் சொல்லாமல் என்னைக் கூட்டிக்கொண்டு கேப்டன் பங்களாவுக்குப் போனாள். லைனிலிருந்து ஒரு பெண் அங்கே தானாகப் போவது அந்தக் காலத்தில் நடக்காத காரியம். பட்லர் எங்களைப் பின்பக்கம் நிறுத்தினான். கேப்டன் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"முனுசாமி எங்கே?"

"வூட்ல கீறாரு தொரை. இனிமே அவரு கீழ போகமாட்டாரு. மேல ஒரு வேலை குடுங்க."

"பயமா?"

"ஆமாம் தொரை. பயம்."

கேப்டன் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. நல்ல மரக்காரன் கீழேதான் வேண்டும், மேலே கூலி பாதிதான், பெரிய வீடு கிடைக்காது என்று தன் தமிழில் ஒவ்வொன்றாகச் சொன்னார். அம்மா ஒவ்வொன்றுக்கும் "சரிங்க தொரை" என்றாள். கடைசியில், மர யார்டில் தூண் அறுக்க ஆள் வேண்டும், திங்கட்கிழமை வரச் சொல் என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் நைனா சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

"பயம்னா சொன்னே?"

"சொன்னேன்."

"அந்த ஆளுகிட்ட போய் அதைச் சொல்லணுமா?"

"வேற இன்னான்னு சொல்றது? வயித்து வலின்னா?"

இரண்டு நாள் அவர் அம்மாவோடு பேசவில்லை. திங்கட்கிழமை காலையில் தூக்கை வாங்கிக்கொண்டு யார்டுக்குப் போனார். அடுத்த வாரம் ஒற்றை அறை வீட்டுக்கு மாறினோம். சாமான் அதிகம் இல்லாததால் நாலே நடையில் முடிந்தது. கூலி குறைந்ததை ஈடுகட்ட அம்மா செங்கல் சூளைக்கு வேலைக்குப் போனாள். அவள் கை காய்த்துப்போனது எனக்கு நினைவிருக்கிறது.

நைனா அதற்கப்புறம் ஒரு நாளும் சுரங்கத்தில் இறங்கவில்லை. வேலையை விட்டு நிற்கிற வரைக்கும் யார்டில் மரம் அறுத்தார்.

காளியம்மா

யார்டு, ஷாஃப்டுக்குப் போகிற வழியில்தான் இருந்தது. அதனால் பழைய கூட்டாளிகள் தினமும் அவரைத் தாண்டித்தான் ஷிப்டுக்குப் போவார்கள். முதல் சில நாள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கேலி பேச ஆரம்பித்தார்கள்.

ஒரு நாள் அம்மாவும் நானும் சோறு கொண்டுபோயிருந்தோம். மத்தியான ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஏழுமலை வேலியருகே நின்றான். பழைய லைனில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரன், காளியம்மாவின் புருஷன். அன்றைக்கு அதே கேஜில் இருந்தவன்.

"இன்னா மாமா, மேல காத்து நல்லா கீதா?" என்றான். கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.

நைனா ரம்பத்தை நிறுத்தவில்லை. அம்மாதான் நிமிர்ந்தாள்.

"நல்லா கீது ஏழுமலை. அன்னிக்குக் கேஜுல எப்படி இருந்துச்சுன்னு நீ காளியம்மாகிட்ட சொன்னியா?"

 மூன்று மணி அடிக்கும் சத்தம் ஷாஃப்டிலிருந்து வந்தது. அவன் போய்விட்டான்.

மறுநாள் சாயந்திரம் காளியம்மா எங்கள் புது வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே நின்றாள். நைனா அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தார்.

"மாமா, அன்னிக்கு இன்னா ஆச்சு?" என்றாள். "எங்க வூட்ல அது வாயே தொறக்க மாட்டேங்குது. தூக்கத்துல மட்டும் கத்துது. கையால மேல எதையோ புடிக்கப் பாக்குது. எழுப்புனா அடிக்க வருது."

நைனா தட்டை நகர்த்தி வைத்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"உள்ள வந்து குந்தும்மா" என்றார்.

ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். எங்களுக்குக் கடற்கரையில் சொன்னதைவிட அதிகமாகச் சொன்னார். இருட்டில் ஏழுமலை தன் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டதைச் சொன்னார். மேலே வந்தபிறகும் அவன் விடாமல் பிடித்திருந்ததை, யாரிடமும் சொல்லாதே மாமா என்று அழுததை, கொஞ்சம் தயங்கி, அதையும் சொன்னார்.

காளியம்மா அழவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு கடைசிவரை கேட்டாள். பிறகு எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"ஷிப்ட் வுடறதுக்கு இன்னும் நேரம் கீதா மாமா?"

"இன்னும் ரொம்ப நேரம் கீதும்மா."

"பரவால்ல, அது மேல வர்ற வரைக்கும் நிக்கறேன்" என்று சொல்லிவிட்டு, ஷாஃப்ட் இருக்கும் திசையில் நடந்தாள்.